மிலிட்டரி அண்ணாவின் மனு

எஸ்டேட் ஆபீசில் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் கிடந்தது. ஓரமெல்லாம் பழுப்பேறி, நடுவில் காப்பி டம்ளர் வைத்த வட்டக் கறையோடு இருந்த அந்தத் தாளை, எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் விட்டுப் போயிருந்தார். அவருக்கு அது அவருக்கும் முன்னால் இருந்தவரிடமிருந்து வந்ததாம். துரைக்கு, அதாவது எஸ்டேட் மேனேஜருக்கு, மனு எழுத வேண்டும் என்று யார் வந்தாலும் அதைப் பார்த்துத்தான் டைப் அடிக்க வேண்டும். ஆங்கிலத்தில் இருந்த அதன் முதல் வரியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "சிறு வயது முதலே வறுமையாலும் பிணியாலும் வாடி வரும் இந்த ஏழை, தங்கள் பாதங்களில் பணிந்து சமர்ப்பிப்பது யாதெனில்." அதற்குப் பிறகுதான் விஷயம். தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டுக் கூரையில் ஓட்டை என்றாலும் அந்த வரி, தங்கை கல்யாணத்துக்கு நான்கு நாள் லீவு என்றாலும் அந்த வரி. காப்பிக்கொட்டை மூட்டையை ஒற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிற ஆள்கூட என் டைப்ரைட்டர் வழியாக வெளியே வரும்போது பிறந்ததிலிருந்தே நோயாளியாகத்தான் வருவார். அந்தத் தாளை நம்பினால் எங்கள் எஸ்டேட்டில் ஆரோக்கியமாக வளர்ந்தவர் ஒருவர்கூடக் கிடையாது. துரை அந்த வரியைப் படிப்பதே இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பிள்ளையார் சுழி மாதிரி இருந்துவிட்டுப் போகட்டும் என்று நாங்களும் விட்டிருந்தோம்.

எழுபதுகளின் நடுவில் ஏற்காட்டு மலையில் கொட்டச்சேடு பக்கத்து எஸ்டேட் ஒன்றில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். இருபத்திரண்டு வயது. தாத்தா காலத்தில் கீழ்நாட்டிலிருந்து மலையேறி வந்த குடும்பம் எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் அதே எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவர்கள். சேலத்தில் அத்தை வீட்டில் தங்கிப் பள்ளிப் படிப்பையும் டைப்பையும் முடித்துவிட்டு வந்தேன். லைனில் பிறந்து ஆபீசுக்குள் செருப்போடு நுழைந்த முதல் பெண் நான்தான் என்ற தலைக்கனம் எனக்கு வேண்டிய மட்டும் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மனு அடித்துக் கொடுப்பேன். யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. ஒரு பட்டர் ஃப்ரூட்டோ நான்கு கமலா ஆரஞ்சோ மேசை ஓரத்தில் வந்து உட்காரும். எஸ்டேட் ஆட்களுக்கு மட்டும்தான் அடிக்கலாம், வெளியாட்களுக்கு ஆபீஸ் மெஷினைத் தொடக் கூடாது என்று துரை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனாலும் வெளியாட்கள் வந்தார்கள், நானும் அடித்துக் கொடுத்தேன். என் விரல் ஓடுகிற வேகத்தைப் பார்த்து அவர்கள் வாய் பிளப்பது எனக்குப் பிடித்திருந்தது, வேறொன்றுமில்லை.

வாழவந்தியிலிருந்து அவர் வந்தது ஒரு பனிக்காலத்து மத்தியானம். காலங்காலமாக மலையிலேயே இருக்கிற விவசாயக் குடும்பம். கொஞ்சம் ராகி, கொஞ்சம் சாமை, வீட்டைச் சுற்றிப் பலாவும் காப்பியும். நாற்பதை எட்டிக்கொண்டிருந்தார். ஊரில் எல்லோரும் அவரை மிலிட்டரிக்காரர் என்பார்கள். எனக்கு மிலிட்டரி அண்ணா ஆனார். ஆபீசுக்கு ஏழு படி. அவர் மூன்றாவது படியில் நின்று, சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருந்த மிளகுக்கொடியை விலை பேச வந்தவர் மாதிரி நிதானமாகப் பார்த்தார். பிறகு ஐந்தாவது படியில் நின்று அதே கொடியை மறுபடியும் பார்த்தார். மேட்டில் நின்று மூச்சு வாங்குவது மலைக்காரர்களுக்குக் கௌரவக் குறைச்சல். கீழ்நாட்டுக்காரர்கள்தான் அப்படி நிற்பார்கள். அதை மறைக்கத்தான் மரம் பார்க்கிறார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு ஓர் இருமல் கிளம்பி, அடங்க நேரம் பிடித்தது. "ஒன்னுமில்லீங்க கண்ணு, நெஞ்சுல பழைய பனி கொஞ்சம் மிச்சம் இருக்குதுங்க" என்று சிரித்தார்.

அவர் சொன்ன கதையை அன்றைக்குப் பாதிதான் காதில் வாங்கினேன். மீதியைப் பின்னால் பல தடவை கேட்டுத் தெரிந்துகொண்டேன். கல்யாணமாகி ஒரு பெண்ணும் பிறந்த பிறகு, சேலத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நடந்தே மலை இறங்கிப் போய்ச் சேர்ந்திருக்கிறார். சீனாவோடு சண்டை வந்தபோது அவர்கள் கம்பெனியை வடக்கே பனிமலைக்கு அனுப்பினார்கள். நீ ஏற்காட்டுக்காரனாச்சே, உனக்கென்ன குளிர் என்று கூட இருந்தவர்கள் கேலி செய்தார்களாம். அவரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். ஏற்காட்டுப் பனி வெயில் ஏறினால் கலைந்துவிடுகிற பனி. அங்கே இருந்தது வேறு. மேலே போன மூன்றாம் நாள் படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார்ந்தபடியே தூங்கினார். நான்காம் நாள் இருமினால் நுரையாக வந்தது. நுரையில் ரத்தம் கலந்திருந்தது. கூட இருந்த ஒருவர் அவரை முதுகில் போட்டுக்கொண்டு ஒரு பகல் முழுக்க இறங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். நெஞ்சில் தண்ணீர் கோத்துக்கொண்டது என்று டாக்டர் சொன்னாராம். பிழைத்துக்கொண்டார், ஆனால் பழைய மூச்சு திரும்பவில்லை. சில வருடம் ஸ்டோரில் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, உடம்பு தகுதியில்லை என்று எழுதி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் வெகு வருடம் கழித்து, சேலம் பஸ்சில் பக்கத்தில் உட்கார்ந்த இன்னொரு பழைய பட்டாளத்துக்காரர் சொல்லித்தான், சண்டையில் வந்த நோய்க்கும் பென்ஷன் உண்டு, அதற்கு மனுப் போட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது.

இதையெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருக்க, நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணிக்கு ரைட்டர் வந்துவிடுவார். எஸ்டேட் ஆபீசில் கணக்கும் கடிதமும் பார்க்கிற பெரியவரைத்தான் நாங்கள் ரைட்டர் என்போம். பெயர் என்ன, பட்டாள நம்பர் என்ன, எந்த வருடம் சேர்ந்தது, எந்த வருடம் திரும்பியது என்று நான்கே கேள்வி கேட்டேன். அதற்குள் என் விரல்கள் பாட்டுக்கு அந்த முதல் வரியை அடித்து முடித்திருந்தன. பனிமலையும் நுரையும் முதுகில் சுமந்தவரும் அதற்குக் கீழே இரண்டு வரியில் அடங்கிப்போனார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். அவருக்குத் தமிழ் வாசிக்க வரும், ஆங்கிலம் வராது. எல்லாம் சரியாக வந்திருக்கிறது, படிக்கிறவர்களுக்கு மனசு இளகிப்போய்விடும் என்று பெருமையாகச் சொன்னேன். நம்பிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் ஒரு கூடை கமலா ஆரஞ்சு வந்து இறங்கியது. வீட்டில் எல்லோருமாக இரண்டு நாள் தின்றோம்.

பதில் வருவதற்குள் அடுத்த காப்பி சீசன் வந்துவிட்டது. கவரைப் பிரிக்காமலே எடுத்துக்கொண்டு வந்திருந்தார். ஒரு பக்கக் கடிதம்தான். மனுதாரர் சிறு வயது முதலே நோயுற்றிருந்ததாகத் தம் மனுவிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார், ஆகவே நோய் படையில் சேர்வதற்கு முந்தையது, படைப்பணியால் ஏற்பட்டதும் அல்ல, அதனால் கூடியதும் அல்ல, கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. என் வரியை அப்படியே எடுத்து மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார்கள். எங்கள் துரை ஒரு நாளும் படிக்காத வரியை எங்கேயோ ஒருவர் உட்கார்ந்து பொறுமையாகப் படித்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல வழியில்லை, எழுதியிருந்ததை அவர் நம்பினார். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன.

என்ன என்று கேட்டார். பட்டாளத்துக்குப் போவதற்கு முன்னாலேயே சீக்கு இருந்ததாம், அதனால் தள்ளிவிட்டார்கள் என்றேன்.

"அப்படின்னு யாரு சொன்னாங்களாம்?"

"அவங்க ரெக்கார்டுல இருக்குதாமுங்க."

இதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் அது கவனக்குறைவோடு போயிருக்கும். நான் பொய்யும் சேர்த்துக்கொண்டேன். வெளியாளுக்கு ஆபீஸ் மெஷினில் அடித்தது தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். இத்தனை படித்த பெண் இப்படி ஒரு தப்புச் செய்தாள் என்று பேர் வாங்க வேண்டுமே என்ற வெட்கம் இன்னொரு பக்கம். அவர் கடிதத்தை வாங்கி, எழுத்து இருந்த பக்கம் உள்ளே போகும்படி மடித்தார். "அப்ப நான் சீக்கை மறைச்சுப் பட்டாளத்துல சேர்ந்தவன்னு எழுதிப்போட்டாங்க" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. ஏழு படியையும் எங்கும் நிற்காமல் இறங்கிப் போனார்.

அந்தப் பென்ஷன் அவருக்கு வேண்டியிருந்தது. சேலத்திலிருந்து மாத்திரை வாங்கி வர வேண்டும், பனிக்காலத்தில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் அவரை ஒடித்துப்போட்டது பென்ஷன் கிடைக்காதது இல்லை, அந்தக் கடிதத்தில் இருந்த பழி. அதற்கப்புறம் அவர் ஆட்கள் முன்னால் இருமுவதை விட்டுவிட்டார். இருமல் எங்கே விடும்? அதை அடக்குவார். ஒண்டிக்கடை முக்கில் பஸ்சுக்கு நிற்கும்போது பார்த்திருக்கிறேன். கழுத்து நரம்பு புடைக்கும், கண்ணில் நீர் கட்டும், முடியாமல் போனால் கடைகளுக்குப் பின்னால் நடந்து போய், கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவார். மனம் பொறுக்காமல் உறவுக்காரர் ஒருவரிடம் கடிதத்தைப் பற்றி அவரே சொல்லியிருக்கிறார். அது மலை முழுக்க நடந்துவிட்டது. அவருடைய பெண்ணுக்கு ஏறக்குறைய முடிவாகியிருந்த சம்பந்தம் நின்றுபோனது. பட்டாளத்தில் பட்ட நோய் என்றால் பரவாயில்லை, பிறந்ததிலிருந்தே நெஞ்சுச் சீக்கு என்று சர்க்காரே எழுதிவிட்டால் அது பரம்பரையாக வருகிற சீக்குத்தானே, பெண்ணுக்கும் வராது என்று யார் சொல்வது என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்களாம். இதை என் அம்மா முறத்தில் காப்பிக்கொட்டை பொறுக்கிக்கொண்டே எனக்குச் சொன்னாள். தட்டில் இருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன். காய்ச்சலா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அப்போதும் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு வருடம் இப்படிப் போனது. பிறகு ஒரு நாள் வந்தார். சேலத்தில் முன்னாள் படைவீரர்களுக்கென்று ஓர் அலுவலகம் இருக்கிறதாம், அங்கே ஒரு பழைய சுபேதார் உட்கார்ந்து கடிதமெல்லாம் பார்த்துச் சொல்கிறாராம், இங்கிலீஷ் தெரிந்தவர் யாராவது கூட வந்தால் தைரியமாக இருக்கும் என்று கேட்டார். அவருக்கு இங்கிலீஷ் தெரிந்தவள் என்றால் நான்தான். மறுக்க வாய் வரவில்லை. லீவு போட்டுவிட்டுப் போனேன். முதல் பஸ்சில் கொண்டை ஊசி வளைவுகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு இறங்கும்போது, அடிவாரம் வருவதற்குள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அடிவாரம் வந்தது, சேலமும் வந்தது. சொல்லவில்லை.

சுபேதார் ஐயா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கடிதத்தைக் கண்ணருகே வைத்துப் படித்தார். சண்டைக்குப் போன எத்தனையோ பேருடைய காகிதத்தைப் பார்த்துச் சலித்த முகம். பட்டாளத்தில் சேரும்போது டாக்டர் சோதித்து நோயில்லை என்று எடுத்திருந்தால், அப்புறம் வந்ததைப் பட்டாளத்தில் வந்ததாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முதலில் எங்களுக்கு விளக்கினார். மிலிட்டரி அண்ணாவின் முகம் தெளிந்தது. பிறகு சுபேதார் ஐயா கடிதத்தின் நடுவில் விரலை வைத்தார். ஆனால் நீங்களே சின்ன வயதிலிருந்து நோயாளி என்று மனுவில் எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே, அதற்கப்புறம் யார் என்ன செய்ய முடியும் என்றார்.

அண்ணா புரியாமல் பார்த்தார். "நான் அப்படிச் சொன்னது இல்லீங்களே."

எல்லோரும் பிற்பாடு இப்படித்தான் சொல்கிறார்கள் என்று சுபேதார் ஐயா கடிதத்தை மடிக்க ஆரம்பித்தார். சண்டை போட்டு ஜெயித்த ஆட்கள்கூட மனு எழுதும்போது பிச்சைக்காரர்களாகிவிடுகிறார்கள் என்று அலுத்துக்கொண்டார். அடக்கிய இருமலால் மிலிட்டரி அண்ணாவின் தோள் குலுங்கியது. என் பக்கம் அவர் திரும்பவேயில்லை, சந்தேகப்படவும் இல்லை. திரும்பியிருந்தால் ஒருவேளை நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன்.

"அவரு சொல்லலீங்க. நான் அடிச்சதுங்க அது" என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடிக்கு அடியில் இருக்கும் தாள், எல்லோருக்கும் போடுகிற வரி, கேட்காமலே போட்டது, கடிதம் வந்த அன்றே எனக்குத் தெரிந்தது, ரெக்கார்டில் இருக்கிறது என்று பொய் சொன்னது. சுபேதார் ஐயா கண்ணாடியை மூக்குக்கு இறக்கி என்னை ஒரு தடவை முழுக்கப் பார்த்தார். திட்டவில்லை. இதையே ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி, நோட்டரி முன்னால் சத்தியம் செய்து கொடுப்பீர்களா என்று மட்டும் கேட்டார். கொடுக்கிறேன் என்றேன். அப்படியானால் வழி இருக்கிறது என்றார்.

திரும்பி வரும் பஸ்சில் அண்ணா எனக்கு இரண்டு சீட் தள்ளி, ஆண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். ஒண்டிக்கடையில் இறங்கியபோது பனி இறங்கத் தொடங்கியிருந்தது. வாழவந்திப் பாதையில் திரும்புவதற்கு முன் நின்றார்.

"ஒரு வருசமா தெரியுமுங்களா?"

"தெரியுமுங்கண்ணா."

"எம் புள்ளயோட சம்பந்தம் நின்னது?"

"அதுவும் தெரியுமுங்க."

தலையை ஆட்டிவிட்டு நடந்தார். அவர் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அன்றிலிருந்து அவர் என்னைக் கண்ணு என்று கூப்பிடவில்லை. டைப்பிஸ்டம்மா என்றார். மரியாதையில் ஒரு குறையும் வைக்காமல், அந்நிய மனுஷியிடம் பேசுகிற மாதிரி பேசினார்.

சத்தியப் பத்திரம் கொடுப்பதற்கு முன்னால் துரையிடம் நானே போய்ச் சொன்னேன். ஆபீஸ் மெஷினில் வெளியாளுக்கு அடித்தேன் என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிவிட்டு அவருக்குத் தெரியாமல் இருக்கும் என்று நினைக்க நான் அவ்வளவு முட்டாள் இல்லை. வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் அன்றோடு எந்த மனுவும் ஆபீசில் அடிக்கக் கூடாது, எஸ்டேட் ஆட்களுக்கும் சேர்த்துத்தான் என்று உத்தரவு போட்டார். என்னை இரண்டு சீசன் பழம் எடை போடுகிற இடத்துக்கு மாற்றினார். லைன் பெண்கள் என்னைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார்கள். கூரை ஒழுகினால் இனி ஒண்டிக்கடைக்கு நடந்து யாரிடமாவது எழுதிவாங்க வேண்டும், எல்லாம் இவளால் வந்தது என்று என் காதுபடவே பேசினார்கள். அப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. எல்லோரும் சொன்னது நியாயம்தான்.

இரண்டாவது மனுவைக் கையால் எழுதினோம். வாழவந்தியில் அவர் வீட்டுக்கே போனேன். ரைட்டருக்கு என்மேல் பரிதாபம். பழைய தாளில் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட்டு, பாதங்களில் பணிந்து என்பதையாவது வைத்துக்கொள், கெஞ்சாத மனுவை யார் மதிப்பார்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். நான் அதை அண்ணாவிடம் சொன்னேன். அவர் ராகி காய வைத்திருந்த பாயை ஓரம் தள்ளிவிட்டு நேராக உட்கார்ந்தார். "சண்டையில இருந்தப்ப மேல ரிப்போர்ட் அனுப்புவோம். எங்க இருந்தோம், என்ன ஆச்சு, எத்தன பேரு. அவ்வளவுதானுங்க. அப்படியே எழுதுங்க" என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நம்பர், பெயர், கம்பெனி. எந்த மலை, எத்தனை நாள். முதல் நாள் மூச்சு எப்படி, மூன்றாம் நாள் எப்படி. எந்த ஆஸ்பத்திரி. சேர்ந்தபோது டாக்டர் சோதித்து நல்ல உடம்பு என்று எடுத்தார். முடிந்தது. ஒரு பக்கம்கூட வரவில்லை. தமிழில் படித்துக் காட்டச் சொன்னார். ஆங்கிலத்தில் எழுதிய பிறகு, ஒவ்வொரு வரியையும் தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்லி, இரண்டையும் ஒத்துப்பார்த்தார். ஒரு வார்த்தை கூடியிருக்கக் கூடாது என்பதில் அவர் காட்டிய கவனம் எனக்கு உறைத்தது. என்னை நம்பாததற்கு அவருக்குக் காரணம் இருந்தது.

சுபேதார் ஐயா அதையும் என் சத்தியப் பத்திரத்தையும் சேர்த்து அனுப்பிவைத்தார். அண்ணா மெடிக்கல் போர்டுக்குப் பட்டணத்துக்கு ஒரு தடவை போய் வந்தார். ஊதச் சொன்னார்கள், படியேறச் சொன்னார்கள், மரம் எதுவும் பக்கத்தில் இல்லாததால் நின்று மூச்சு வாங்கியதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று வந்து சொன்னார். அந்த ஒரு தடவைதான் பழைய சிரிப்பு கொஞ்சம் தெரிந்தது. பிறகு மறுபடியும் ஒரு காத்திருப்பு. இரண்டு பனிக்காலம் போனது.

நான் எடை மேடையிலிருந்து ஆபீசுக்குத் திரும்பியிருந்த சமயம் அவர் ஒரு கவரோடு வந்தார். இந்த முறையும் பிரிக்கவில்லை. ஏன் சேலத்துக்கே கொண்டுபோய்ச் சுபேதார் ஐயாவிடம் காட்டவில்லை என்று கேட்டேன். அவர் கவரை மேசையில் என் பக்கம் நகர்த்தினார். அவசரமாகப் பிரித்ததில் கவர் ஓரம் கிழிந்துவிட்டது. மனுதாரரின் நோய் போர்ப்பணியால் ஏற்பட்டது என ஏற்றுக்கொள்ளப்படுகிறது என்று இரண்டாவது பத்தியில் இருந்தது. தமிழில் சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னார். சொன்னேன். அந்த வரி எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லி, விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு பல வருடமாக உள்ளே பூட்டி வைத்திருந்ததெல்லாம் கிளம்பி வந்தது. ஆபீசே திரும்பிப் பார்க்கும்படி இருமினார். ரைட்டர் தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்தார். அண்ணா வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"இருங்க, முடிச்சுக்கறேன். இப்ப இருமறதுக்கு எனக்கு வெக்கமா இல்லீங்க கண்ணு" என்றார்.

கண்ணு என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ரைட்டர் எதற்கு அழுகிறேன் என்று தெரியாமல் செம்பை என்னிடம் நீட்டினார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீணாகிப்போன வருடங்களுக்கு என்ன கணக்குச் சொல்வது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. அவருடைய பெண்ணுக்கு அந்த வருடமே கல்யாணம் ஆனது, வேறு இடத்தில். அந்தக் கடிதத்தை மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டினாரா என்று கேட்டேன். பந்தலில் வந்தவர்கள் எல்லோருக்குமே காட்டினார் என்றாள் என் அம்மா.

அதற்குப் பிறகு பதினைந்து வருடத்துக்கு மேல் இருந்தார். ஒண்டிக்கடையில் நடுரோட்டில் நின்று தைரியமாக இருமுவார். படியில் நின்றால் நின்றதாகவே நிற்பார், மரம் பார்ப்பதில்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்கழியில் போய்ச் சேர்ந்தார். சாவுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டில் அந்த மூச்சுச் சத்தம் இல்லாமல் இருந்தது ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து அவர் மனைவி ஆபீசுக்கு வந்தார். அதற்குள் நானே ரைட்டராகியிருந்தேன். கண்ணாடிக்கு அடியில் இருந்த அந்தத் தாளை என்றைக்கோ எடுத்துக் கிழித்துப் போட்டிருந்தேன். மனு அடிக்கிற வழக்கத்தை, புதிய துரையிடம் கேட்டு, மறுபடியும் ஆரம்பித்திருந்தேன். போரில் வந்த அதே நோயால்தான் இறந்தார் என்று மனைவி எழுதிக் கொடுத்தால் குடும்பப் பென்ஷன் தொடரும். அதற்கு ஒரு படிவம் இருந்தது. ஏழு படியையும் ஒரே மூச்சில் ஏறி வந்து உட்கார்ந்தார் அந்த அக்கா. அறுபதுக்குப் பக்கம் வயது, மலைக்காரப் பெண்ணின் திடமான கால்கள். படிவத்தை மெஷினில் ஏற்றிவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். முதல் மனு அடித்த அன்றைக்கு அண்ணாவிடம் நான் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருந்தது. இத்தனை காகிதம் எழுதினோம், பட்டாளத்துக்கு முன்னால் அவர் எப்படி இருந்தார் என்று கூடவே வாழ்ந்த இந்த அம்மாளை நானும் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை.

"ஏனுங்கக்கா, பட்டாளத்துக்குப் போறதுக்கு முன்னால அண்ணா எப்படி இருப்பாருங்க?"

அவர் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். கேள்வி அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

"நல்லா பாடுவாருங்க. கல்யாணமான புதுசுல சந்தைக்குப் பலாப்பழம் கொண்டு போவோம். ஆளுக்கொரு கூடை. அவரு வேகத்துக்கு எனக்கு மேட்டுல ஏற முடியாதுங்க, பின்னால நின்னு நின்னு வருவேன். அவரு தலைமேல கூடைய வச்சுக்கிட்டுப் பாடிக்கிட்டே போயிருவாரு. பனியில ஆளு தெரியாது. பாட்டுச் சத்தத்தை வச்சுத்தானுங்க நான் வழி பார்த்து வருவேன்."

இருபது வருடத்துக்கு மேல் அவரைத் தெரியும். அவர் கதை முழுவதும் எனக்கு மனப்பாடம் என்று நினைத்திருந்தேன். அவர் பாடுவார் என்று எனக்குத் தெரியாது.

"திரும்பி வந்ததுக்கு அப்புறமுங்க?"

"அப்புறம் பாடலீங்க கண்ணு."

நோயின் விவரம் என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த பெயர் அதில் ஏற்கெனவே இருந்தது, அதுவே போதும். அதற்குக் கீழே கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. அக்காவிடம் தமிழில் சொல்லிச் சரிதானா என்று கேட்டுக்கொண்டு, இரண்டு வரி அடித்தேன்: "படையில் சேர்வதற்கு முன் என் கணவர் சுமையோடு மேடு ஏறும்போது பாடுவார். திரும்பி வந்த பிறகு பாடவில்லை."